தப்பில்லாத பேச்சு

என் வயசுக்காரர்களே, தலைக்கு மை போட்டவர்கள் போடாதவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு கோப்பையாவது இருந்திருக்கும். ஓட்டப்பந்தயம், மாறுவேடம், கரண்டியில் எலுமிச்சம்பழம், ஏதோ ஒன்றுக்கு. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. என்னுடையது இல்லை. பரிசு கொடுக்கிற மேடைக்கும் எனக்கும் ஆயுசுக்கும் ஒத்துப்போனதில்லை. அது என் தங்கை வாங்கியது. பித்தளை மாதிரி தெரியும், பித்தளை இல்லை. இரண்டு காது, அதில் ஒன்று கோணல். வீடு மாறினபோது எங்கேயோ போய்விட்டது. யாரும் தேடவில்லை.

அந்தக் கோப்பை வந்த கதையை இத்தனை வருஷமும் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில், ஆபீஸ் பிக்னிக்கில், ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம். நல்ல கிராக்கி. எந்த இடத்தில் இழுக்கணும், எந்த இடத்தில் நிறுத்தினால் பந்தியே குலுங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. இன்றைக்கு அதையே முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன். பழக்கதோஷத்தில் நடுநடுவே கோமாளித்தனம் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். டிராம் ஓடுகிற பெங்காலி ஊரில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மத்திய அரசுக் கணக்குத் தணிக்கை ஆபீசில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். காலையில் ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை, இன்னொரு பக்கம் மீன் வாசனை. இரண்டும் எங்கள் வீட்டு ஜன்னலில்தான் சந்தித்து முட்டிக்கொள்ளும். கீழ் வீட்டில் வீட்டுக்காரர்கள். அந்த வீட்டு அம்மாளை மாஷிமா என்று கூப்பிடுவோம். நம் ஊரில் சித்தி, பெரியம்மா என்கிறோமே, அந்த முறை.

என் தங்கைக்கு அப்போது ஆறு வயசு. காலையில் முழிக்கும்போதே நடு வாக்கியத்தில்தான் முழிப்பாள். ராத்திரி தூங்கும்போது விட்ட மிச்சம் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மாடிப்படியிலேயே போட்டுவிட்டு மாஷிமா வீட்டுக்குள் புகுந்துவிடுவாள். மாஷிமா பொரியில் கடுகெண்ணெயும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து கொடுக்க, இரண்டு பேரும் சாயங்காலம் முழுக்கப் பேசுவார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாயெல்லாம் கடுகெண்ணெய் வாசனையோடு மேலே வந்து, கீழே பேசினதை எங்களுக்குப் பேசுவாள்.

என்ன மொழியில் என்று கேட்காதீர்கள். வினைச்சொல் தமிழ், மற்றது பெங்காலி, அவசரத்துக்கு இந்தி.

"யம்மா, ராஸ்தா முழுக்க ஜோல்! ஒரு மோட்டா ப்யாங், டிராம் லைன்ல ஜம்முனு உக்காந்திருக்கு. டிராம் வருது, டிங் டிங் டிங்குது, ப்யாங் எந்திரிக்கவே இல்ல. கண்டக்டர் காக்கு எறங்கி வந்து, ஜா ஜாங்குறாரு. அது அவரையே பாக்குது!"

ரோடெல்லாம் மழைத் தண்ணீர், தண்டவாளத்தில் ஒரு குண்டுத் தவளை, அதற்காக டிராமே நின்றுவிட்டது. தவளை கண்டக்டரைப் பார்த்த பார்வையைக் கன்னத்தை உப்பிக்கொண்டு காட்டினாள். அம்மா தோசையைத் திருப்ப மறந்து நின்றாள். அப்பாவும் சிரித்தார். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அப்பாவும் சிரித்தார். அதில் எத்தனை வார்த்தை தமிழ் என்று எண்ணிப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் பூஜை லீவில் ஊரிலிருந்து பெரியப்பா வந்தார். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியப்பா, டாக்குர் பாக்க வாங்க! ராஸ்தா பூரா ஆலோ!"

தெருவெல்லாம் விளக்கு, சாமி பார்க்கப் போகலாம் என்கிறாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார்.

"எலேய், என்னல இது? உம் பிள்ள தமிழ் பேசுதாளா, இல்ல ரெண்டு ஸ்டேஷன் ஒண்ணா கேக்குத ரேடியோவா?"

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். தங்கைதான் ரொம்பச் சிரித்தாள், தன்னை ரேடியோ என்று யாரும் சொன்னதில்லை என்ற சந்தோஷத்தில். அப்பா சிரிக்கவில்லை. ஹவுராவில் வண்டி ஏற்றிவிடப் போனபோது பெரியப்பா ஜன்னல் கம்பி வழியாக இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"இப்பமே சரி பண்ணுல. பொறவு ஊருக்குக் கூட்டியாந்தா, யாரு வீட்டுப் பிள்ளன்னு கேப்பாக."



நம் ஆட்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மளிகைக்கடை மாடியில் ஒரு கூடம். கீழேயிருந்து பெருங்காயமும் புளியும் வாசனையாகவே படியேறி வரும். ஞாயிற்றுக்கிழமை அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. காளிபூஜை முடிந்ததும் கூடிய கூட்டத்தில் அப்பா ஒரு திட்டத்தோடு எழுந்தார். பிள்ளைகளைத் திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், போட்டி வைப்போம். தூய தமிழ்ப் போட்டி. பொங்கல் வரைக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் நூறு மார்க்கைக் கொடுத்துவிடுவது. பிற மொழி வார்த்தை ஒன்று வாயில் வந்தால் ஒரு மார்க் கழிப்பது. வீட்டில் பெற்றோர் கழிக்கட்டும், வகுப்பில் டீச்சர் கழிக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் விலக்கு. கடைசியில் யார் கையில் அதிகம் மிச்சமோ அவருக்குக் கோப்பை.

கூட்டத்துக்கு உடனே பிடித்துவிட்டது. ஒரு மணி நேரம் எதற்கெல்லாம் கழிப்பது என்று சண்டை நடந்தது. பஸ், டிராம், மெட்ரோ மூன்றுக்கும் மன்னிப்பு, ஏனென்றால் பெரியவர்களுக்கே வேறு வார்த்தை வாயில் நுழையவில்லை. ரசகுல்லா என்பது பொருளா பெயரா என்று கேள்வி வந்தது. தலைவருக்கு ரசகுல்லா பிடிக்கும், அதனால் பெயர் என்று தீர்ப்பாயிற்று. நானும் செயலாளர் மகனும் பின் வரிசையில் முறுக்கு தின்றபடி எங்கள் தலைவிதி எழுதப்படுவதை வேடிக்கை பார்த்தோம்.

தமிழ் வகுப்பு டீச்சர் மட்டும் எழுந்து ஒன்று கேட்டார். "தப்புக்குக் கழிக்கிறீங்க, சரி. ஒரு பிள்ள நல்லா பேசினா, அதுக்குக் கூட்டிப் போடறது உண்டுங்களா சார்?"

அப்பா யோசித்தார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே யோசித்தார்.

"நல்லா பேசுதத எப்படி டீச்சர் எண்ணுதது? தப்புன்னா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிரலாம்."

எல்லாத் தலையும் ஆடியது. அந்தக் கூடத்தில் பாதிப்பேர் தணிக்கைக்காரர்கள், மீதிப்பேர் வங்கிக்காரர்கள். அடுத்தவர் பிசகைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். பிசகில்லாத கோப்புதான் நல்ல கோப்பு, அதைப் பற்றி எழுத ஒன்றுமிருக்காது, மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். அதே கண்ணால் பிள்ளைகளையும் பார்த்தார்கள். கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை. டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் இரண்டு அட்டை ஏறியது, எனக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. இரும்பு ஸ்கேல் வைத்து அப்பாவே கோடு போட்டது. நூலில் ஒரு பென்சில் தொங்கியது. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம், தணிக்கை ஆபீசில் எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிற சாதி. அந்த ஆட்டத்தில் நீல முனைக்கு வேலையே இல்லை. சிவப்பு பக்கம் மட்டும் தேய்ந்து தேய்ந்து குட்டையாயிற்று.

என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்திலேயே நூறும் போண்டி. பூஜ்யத்தோடு நிறுத்திக்கொள்வதா என்று சங்கத்தில் கேள்வி வந்து, "பூஜ்யத்துக்குக் கீழயும் போகலாம்லா" என்று அப்பாவே தீர்ப்புச் சொன்னார். அதன்பிறகு தமிழ் வகுப்பில் என் பெயர் மைனஸ். "மைனஸ் வந்துட்டான்", "மைனஸ், கொஞ்சம் நகரு." எனக்கு அதில் ஒரு பெருமைகூட. இனி இழக்க ஒன்றுமில்லை என்பதால் வாய்க்கு வந்ததைப் பேசினேன். என் கோமாளி வாழ்க்கை அந்த மைனஸில் பிறந்ததுதான்.

செயலாளர் மகன் வேறு ரகம். "எனக்கு மிதிவண்டி ஓட்டுதல் பிடிக்கும்" என்று வாய்ப்பாடு மாதிரி பேச ஆரம்பித்தான். ஒரு நாள் கூடத்துக் கதவில் விரல் நசுங்கி, "ஐயோ, கதவு!" என்று சுத்தமாக அலறினான். அலறிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது அப்புறம்தான்.

தங்கைக்கு முதல் இரண்டு மூன்று நாள் அது விளையாட்டு. ராத்திரி சாப்பாட்டில் கதையை எடுப்பாள். முதல் பெங்காலி வார்த்தையில் அப்பா எழுந்திருப்பார். கோபமெல்லாம் கிடையாது, சிரித்த முகம். சுவருக்குப் போய், பென்சிலைப் பிடித்து, ஒரு கோடு கிழித்துவிட்டு வந்து உட்கார்ந்து, "ம், மேல சொல்லும்மா" என்பார். அவள் சொல்வாள். மறுபடி எழுந்திருப்பார். அவர் போய்த் திரும்புவதற்குள் கதை ஆறிவிடும். தோசை மாதிரிதான் கதையும், ஆறினால் இழுக்கும்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். பேசும்போது அப்பாவின் முட்டியையே பார்ப்பாள். எழுந்திருக்கப் போகிறவரின் முட்டி முதலில் அசையும், இல்லையா? அது அசைகிறதா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பாள். அசைந்தால் பாதியில் நிறுத்திவிடுவாள். அந்த வார்த்தைக்குப் பதில் வேறு வார்த்தை அவளிடம் இருக்காது. ஆறு வயசுப் பிள்ளையிடம் எத்தனை ஜோடி வார்த்தை இருக்கும்?

மார்கழிக் குளிர் வந்தது. எல்லாரும் குரங்குக் குல்லாவுக்குள் புகுந்தோம். சாயங்காலமானால் தெருவில் கரி அடுப்புப் புகை தரையோடு தரையாக நிற்கும். எங்கள் வீட்டில் புதுசாக ஒரு நிசப்தம் வந்தது. தங்கை இப்போது பேசுவது "பசிக்குது", "தண்ணி", "தூக்கம் வருது". மூன்றும் அப்பழுக்கில்லாத தமிழ். கொஞ்ச நாளில் அதுவும் தேவைப்படவில்லை, தலையாட்டலிலேயே வீட்டுக்காரியம் நடந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். மாஷிமா வீட்டுக்குப் போவதும் நின்றுவிட்டது. "போட்டி முடியட்டும்மா, அங்க போனா மறுபடி ஒட்டிக்கிடும்" என்று அப்பா சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து புகார் ஒன்றும் வரவில்லை. பேசாத பிள்ளையைப் பற்றி எந்தப் பள்ளிக்கூடம் புகார் சொல்லியிருக்கிறது?

அம்மா ஒரு நாள் கேட்டாள். "ஏங்க, புள்ள வாயே தொறக்க மாட்டேங்காளே."

"யோசிச்சுப் பேசுதா. நல்லதுதான." அப்பா எழுந்து போய் அட்டையைக் காட்டினார். "இங்க பாரு, இந்த வாரம் கோடே இல்ல."

அம்மா அட்டையைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் தெளிந்தது. எனக்கு இப்போது நினைத்தாலும் கூசுவது இந்த இடம்தான். பிள்ளை எதிரில் பாயில் உட்கார்ந்திருக்கிறாள், கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு. அம்மா அவள் எப்படியிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளச் சுவரைப் பார்க்கிறாள். நானும் சுவரைத்தான் பார்த்தேன். கோடில்லாத அட்டையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று.

சுவரைப் பார்க்காத ஒரே ஆள் மாஷிமா. அவளுக்கு எங்கள் அட்டையும் தெரியாது, சங்கமும் தெரியாது. ஒரு சாயங்காலம் புது பனைவெல்லப் பாயசத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"கீ ஹோயேச்சே மெயேடார்? கொதா போலே நா கேனோ?"

பிள்ளைக்கு என்ன, ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்று கேட்டாள். தங்கை பாயசத்தைப் பார்த்தாள், மாஷிமாவைப் பார்த்தாள், அப்பாவின் முட்டியைப் பார்த்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். சந்தையில் காய் பேரம் பேசுகிற அளவுக்கு மட்டும் பெங்காலி தெரிந்த அம்மா, கையை ஆட்டி ஏதோ விளக்கிப் பார்த்தாள். அப்பாவுக்கு அதுகூடத் தெரியாது, தெரியாததில் கொஞ்சம் கௌரவமும் உண்டு. "ஆஃப்டர் பொங்கல்" என்றார். மாஷிமாவுக்குப் பொங்கல் என்றால் என்னவென்று தெரியும், அதற்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தெரியவில்லை. பிள்ளைக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று தானே முடிவு செய்து, மறுநாள் எங்கள் எல்லாரையும் தெருமுனை ஹோமியோபதி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் பெரியவர், சால்வைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. தங்கையை நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினாள். காதுக்குப் பின்னால் கைதட்டினார், திரும்பினாள். பெயர் கேட்டார். பதில் இல்லை. அப்பாவுக்கு மானம் போகிறது. ஆங்கிலத்தில் விளக்கினார்.

"நோ சிக்னஸ் சார். ஷீ இஸ் இன் எ காம்படிஷன்."

"வாட் காம்படிஷன்?"

"டாக்கிங் காம்படிஷன் சார்."

டாக்டர் சால்வையை இறக்கிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "பட் ஷீ இஸ் நாட் டாக்கிங்."

"எஸ் சார்," என்றார் அப்பா. குரலில் பெருமை தாங்கவில்லை. "ஷீ இஸ் ஃபர்ஸ்ட்."

டாக்டர் சால்வையை மறுபடி மூக்குவரை ஏற்றிக்கொண்டார். பிறகு ஒரு சீசாவில் வெள்ளை உருண்டைகளைப் போட்டு, தங்கையிடம் கொடுக்காமல் அப்பா கையில் கொடுத்தார். தினம் மூன்று வேளை. யாருக்கு என்று அப்பா கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. இனிப்பாக இருந்ததால் நான் தின்று தீர்த்தேன்.

பொங்கல் வந்தது. சங்கத்துக் கூடத்தில் வாசலுக்கு இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் மேடை, கொய்ங் என்று ஒரு மைக். துறைமுகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சிறப்பு விருந்தினர். செயலாளர் மார்க் பட்டியலை வாசித்தார், கீழேயிருந்து மேலே. முதல் பெயர் என்னுடையது. கூடம் சிரித்தது, நான் எழுந்து கும்பிட்டேன், இன்னும் சிரித்தது. செயலாளர் மகனுக்கு இரண்டாம் இடம். முதல் இடம் என் தங்கைக்கு.

பட்டுப்பாவாடையைப் பிடித்துக்கொண்டு மேடையேறினாள். கோப்பையை வாங்கிக்கொண்டாள். விருந்தினர் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி, "தூய தமிழில் ரெண்டு வார்த்தை பேசும்மா" என்றார்.

அவள் மைக்கைப் பார்த்தாள். கூடத்தைப் பார்த்தாள். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், கூடம் முழுக்க முட்டிகள். வாய் கொஞ்சம் திறந்தது, ஒரு சின்னக் காற்று மைக்கில் கேட்டது, மூடிவிட்டது. பிறகு இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்து மரியாதையாக அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பாத்தீங்களா, என்ன அடக்கம்!" என்றார் விருந்தினர். "இதுதாங்க நம்ம பண்பாடு!"

கூடம் அதிர்ந்தது. நான் எல்லாருக்கும் மேலே தட்டினேன், இவளுடைய அண்ணன் நான்தான் என்று தெரியட்டும் என்று. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் மட்டும் தட்டவில்லை. கையில் சர்க்கரைப் பொங்கல் தொன்னை இருந்ததால் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பேச்சுப் போட்டியில் வாயே திறக்காத பிள்ளைக்கு முதல் பரிசு. பந்திகளில் நான் கதையை நிறுத்துகிற இடம் இது. ஒரு முறைகூட ஏமாற்றியதில்லை. ஒரு கல்யாணத்தில் தங்கையே பக்கத்து இலையில் இருந்தாள். எதிர் வரிசை வரைக்கும் சிரித்தார்கள், ஒருத்தருக்குப் புரையேறியது. அவளும் சிரித்தாள், சத்தமில்லாமல், ரசத்தைப் பார்த்தபடி. அதையும் ஒரு சிரிப்பாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அப்பாவிடம் இருந்தது பென்சில், என்னிடம் இருந்தது இந்தக் கணக்கு.

பந்தியில் சொல்லாத மிச்சம் இனிமேல்தான்.

பொங்கலுக்கு மறுநாள் அப்பா சுவரிலிருந்து அட்டைகளை எடுத்தார். "இனிமே இஷ்டம் போல பேசலாம் தாயி" என்றார், மூடி வைத்த குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. "சரிப்பா" என்றாள். அன்று சாயங்காலமே மாஷிமா வீட்டுக்குப் போனாள். மாடிப்படியில் நின்றால் கேட்டது, பழைய வேகம், பழைய இரைச்சல், மாஷிமாவின் சிரிப்பு. ஆனால் கதவு சாத்தியிருந்தது. மேலே வந்ததும் "பசிக்குது", "தூக்கம் வருது". கீழே பேசினதை மேலே கொண்டுவருகிற வழக்கம் மட்டும் திரும்பி வரவே இல்லை. தவளை, டிராம், கண்டக்டர் எல்லாரும் கீழ் வீட்டோடு தங்கிவிட்டார்கள்.

நாங்கள் அதைக் கவனித்தோமா? வளர்ந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டோம். அமைதியான பொண்ணு என்று ஊரில் பெயர் வந்தது. பெரியப்பா அடுத்த முறை வந்து, "இப்பம்லா பிள்ள மாதிரி இருக்கா" என்று தட்டிக்கொடுத்தார். அவள் அவரிடம் பேசியது நாலு வாக்கியம் இருக்கும். ஒன்றிலும் பிசகில்லை.

அப்பாவை வில்லனாக்கிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் எனக்கும் இப்போது ஒரு பெண் இருக்கிறாள். அவள் அறைக்குள்ளிருந்து வருகிற பேச்சு பாதி எனக்குப் புரிவதில்லை. அதனால் அந்த மனுஷன் என்னத்துக்குப் பயந்தார் என்று கொஞ்சம் தெரிகிறது. தினமும் சாயங்காலம் மகள் ஒரு மாடி இறங்கி அவருக்குத் தெரியாத தேசத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அந்நியமாக வந்தாள். அவளை வரவைக்க அவர் கையில் இருந்தது ஒரு பென்சில்தான். பயமாக இருக்கிறது என்று சொல்ல அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

காலம் ஓடியது. அப்பா ஓய்வு பெற்று, டாலிகஞ்சில் ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கி, ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார். மாஷிமா போய்ச் சேர்ந்தாள். தங்கைக்குச் சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை, அங்கேயே தோழிகளோடு தங்கல். சனிக்கிழமை வந்து பெற்றோரைப் பார்த்துவிட்டுப் போவாள். மருந்து வாங்கி வைப்பாள், கரண்ட் பில் கட்டுவாள், "சாப்பிட்டீங்களாப்பா", "தூங்கினீங்களாப்பா" என்பாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத மகள்.

ஒரு வருஷம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி, இன்னொரு கண்ணுக்கு ஏற்கெனவே பார்வை குறைவு. பேப்பர் கூடாது, டிவி கூடாது. முன் அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, வீட்டை வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை. சமையலுக்கு வருகிற பெங்காலி அக்காவோடு, தீதி என்று கூப்பிடுவோம், தங்கை சமையலறையில் நின்றிருந்தாள்.

அங்கேயிருந்து பேச்சு வந்தது. கொட்டுகிற பேச்சு. ஒரு குரல் ஏறி, இறங்கி, ஆண் குரலாக மாறி, நடுங்கி, பாட்டாகி, பட்டென்று நின்று, தீதி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிற வரைக்கும் விடாமல் போயிற்று.

அப்பா தலையைத் தூக்கினார். "யாருல வந்திருக்கா?"

"யாரும் வரலயேப்பா."

"அங்க பேசுதது யாரு?"

நான் உரிப்பதை நிறுத்தினேன். "நம்ம பிள்ளதான்பா."

"அவளா?" மூடி போட்ட முகம் சமையலறைப் பக்கம் திரும்பியது. ரொம்ப நேரம் கேட்டார். "இவ்வளவு பேசுவாளா?"

நான் எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிறவன். அன்றைக்கு ஓர் ஆரஞ்சுச் சுளையைத்தான் அவர் கையில் வைக்க முடிந்தது.

"என்னத்தச் சொல்லி இப்படிச் சிரிக்காளுவோ? கூப்பிடு அவள."

கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "என்னப்பா, தண்ணி வேணுமா?"

"இல்ல. அங்க ஒரு கத சொன்னியே, அத எனக்கும் சொல்லு."

"எதப்பா?" அவள் முகத்தில் ஓர் அவசரம், ஏதோ தவறு நடந்துவிட்டது போல. "அது ஒண்ணுமில்லப்பா. ஆபீஸ்ல லிஃப்ட் நின்னு போச்சு."

அப்பா காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவ்வளவுதான். கதை முடிந்துவிட்டது.

வெளியே ஆட்டோ ஒன்று போனது. அப்பா கட்டில் விரிப்பைத் தடவிச் சுருக்கம் எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அங்க சொன்ன மாதிரியே சொல்லும்மா. பெங்காலியிலயே சொல்லு."

"உங்களுக்குப் புரியாதேப்பா."

"புரியாதுதான்." என் பக்கம் கையை நீட்டினார். "இவன் இருக்காம்லா. இவன் சொல்லுவான் எனக்கு."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கட்டிலின் ஓரத்தில், எழுந்துபோக வசதியாக, நுனியில் உட்கார்ந்தாள். ஒரு வாக்கியம் பெங்காலியில் சொல்லிவிட்டு நிறுத்தினாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். என் தமிழ் என்ன தமிழ், லிஃப்ட், மேனேஜர், கெட்டில், கரண்ட் எல்லாம் கலந்ததுதான். "ம்" என்றார் அப்பா. இன்னொரு வாக்கியம். "ம்."

ஆபீஸையே ஆட்டி வைக்கிற மேனேஜர் ஒருத்தர். அவரும் கெட்டிலோடு டீ விற்கிறவரும் மட்டும் லிஃப்டில். நடுவழியில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் மேனேஜர் சாமி பாட்டுப் பாட ஆரம்பிக்கிறார். டீக்காரர் தைரியத்துக்கு டீ ஊற்றிக் கொடுக்கிறார். இந்த இடத்துக்கு வரும்போது தங்கை நுனியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி உட்கார்ந்துவிட்டாள். கை வந்துவிட்டது, முகம் வந்துவிட்டது, மேனேஜரின் நடுங்குகிற குரலும் வந்துவிட்டது. எனக்காக நிறுத்துவது அவளுக்கு மறந்து மறந்து போயிற்று. நான் பின்னாலேயே ஓடினேன். தீதி கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். கடைசியில் கதவைப் பெயர்த்துத் திறக்கிறார்கள். ஆபீஸே வெளியில் நிற்கிறது. உள்ளே மேனேஜர் டீக்காரர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். டீக்காரர் உதட்டில் விரலை வைத்து, எல்லாரையும் பார்த்து, சத்தம் போடாதீங்க என்கிறார்.

தீதி முதலில் சிரித்தாள், தெரிந்த கதைக்கே மறுபடியும். தங்கை அவளைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அப்பா மூடி போட்ட முகத்தை அந்தச் சத்தத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, வாயைச் சிரிக்கத் தயாராகக் கொஞ்சம் திறந்தபடி, எனக்காகக் காத்திருந்தார். நான் என்னால் முடிந்த வேகத்தில் தமிழில் சொன்னேன்.

அவள் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அப்பாவின் சிரிப்பு வந்து சேர்ந்தது.